சங்கு ஊதினால் எழும்பும் பறவைகள்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கச்சி கொக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணியும் வாண்டும் சுகமா? உன் இருமல் எப்படி இருக்கிறது? மியூசியத்தில் செத்த பறவைக்குப் பஞ்சு அடைக்கிற வேலையில் இருந்துகொண்டு மூக்கில் துணி கட்ட மாட்டேன் என்றால் இருமாமல் என்ன செய்யும்?

போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அதனால்தான் சின்ன வயசு மாதிரி கடிதம். பதிலை வீட்டுக்குப் போடாதே. மதகு அலுவலகம், ஷட்டர் ஆபரேட்டர் என்று போடு, என் கைக்கே வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீர்த்தேக்கத்தில் ஒரு கடற்காகக் குஞ்சு வந்திருக்கிறது. மற்ற கடற்காகங்களோடுதான் உட்காருகிறது, ஆனால் அந்தக் கூட்டத்துப் பிள்ளை இல்லை. நேற்று தண்ணீர் திறக்க அபாயச் சங்கு ஊதினேன். கீழே மடுவில் குளிக்கிறவர்கள், வலை போடுகிறவர்கள் எல்லாம் கரையேற வேண்டுமே, அதனால் கதவைத் தூக்குமுன் மூன்று தடவை ஊதியாக வேண்டும். முதல் சங்குக்கே நீர்ப்பரப்பில் இருக்கிற மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. அப்படி எழும்பியபோதுதான் குஞ்சின் இறக்கையைப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறுப்பாக வளைந்து வளைந்து ஒரு கோடு. வால் மற்றதைப்போல நேராக வெட்டினாற்போல் இல்லை. நடுவில் நீண்டு, ஓரத்தில் குறுகி, ஆப்பு மாதிரி இருந்தது.

கதவில் இடித்துக்கொண்டு இடது கண் வீங்கியிருப்பதால் பைனாகுலரில் ஒரு கண்ணால்தான் பார்த்தேன். அதனால் சந்தேகம். நீதான் சொல்ல வேண்டும்.

கொக்கு


ஜனவரி 17

அருமைத் தங்கச்சிக்கு,

அண்ணன். எல்லோரும் நலம். இருமலும் என்னைவிட நலமாக இருக்கிறது.

அடி கொக்கு, என்ன குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறாய்! ஆப்பு வாலா? நிஜமாகவா? கடற்காகக் குஞ்சுகளைப்போல மனிதனைப் பைத்தியமாக்குகிற ஜாதி வேறு கிடையாது. முதல் குளிர்காலத்தில் ஒரு சட்டை, அடுத்ததில் வேறு சட்டை. பாதி உதிர்ந்து பாதி முளைத்த நேரத்தில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனால் வால் பொய் சொல்லாது. ஆப்பு வால் உள்ள கடற்காகம் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான், அது பனிக்கடலை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அதன் குஞ்சுக்கும் நீ சொன்ன அதே கறுப்புக் கோடு உண்டு.

உடனே எழுது. அலகு என்ன நிறம், மெல்லியதா தடித்ததா? கால்? கன்னத்தில் புள்ளி உண்டா? ஆப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா? நம் பழைய சட்டம் நினைவிருக்கிறதல்லவா: பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே.

கண்ணுக்கு மருந்து போடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பூதக்கண்ணாடி அண்ணன்


ஜனவரி 29

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். கண் வீக்கம் வற்றிவிட்டது.

அலகு கறுப்பு, மெல்லியது. கால் மங்கல் சிவப்பு. கன்னத்தில் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. ஆப்பு இரண்டு பக்கமும் சமம் என்றுதான் தோன்றுகிறது. தோன்றுகிறது என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். சரி, சமம்.

குஞ்சைக் கிட்டத்தில் பார்க்க அதிகம் அலைய வேண்டியதில்லை. இவர் படகுக்குப் பின்னாலேயே சுற்றுகிறது. மீன் குத்தகை இந்த வருஷமும் இவருக்குத்தான் கிடைத்தது. காலையில் இவர் போன கொஞ்ச நேரத்தில் மீன் தானாக வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும், பறவைகள் விழுந்து பொறுக்கும். எப்படி மிதக்கிறது என்று கேட்காதே. நான் பறவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"அண்ணனும் தங்கச்சியும் காக்காய்க்கு ஜாதகம் எழுதுறீங்களா?" என்று கேட்டார். எழுதுவது எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. கவரை நன்றாக ஒட்டி அனுப்பு.

பைனாகுலரையும் இனி அலுவலகத்திலேயே வைக்கப்போகிறேன்.

கொக்கு


பிப்ரவரி 6

தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல், மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம். முதலில் இதைக் கேள்.

சொல்லிவிட்டேன்! எங்கள் பறவைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அபூர்வப் பறவையைப் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பெரிய துரோகம். இடம், நேரம், எந்தக் கரை என்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. முதலில் கண்டவர் என்ற இடத்தில் உன்னைப் போட்டேன். நாற்பது வருஷம் தொலைநோக்கியைத் தூக்கிச் சுமந்த கிழவர்களுக்கெல்லாம் வயிறு எரிகிறது. ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார்.

கூட்டம் வரும். கரையில் நிற்க இடம் காட்டு. தாராளமாக அலட்டிக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு.

அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நிஜமாகவே சுகம், இந்தத் தடவை.

வந்துவிட்டார்கள் அப்பா! கரை முழுக்க முக்காலிகள். ஒருவர் தலையில் கூடை அளவு தொப்பி. அவரைத் தொப்பிக்காரர் என்றே கூப்பிடுகிறேன், கோபப்படுவதில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நிற்கிறார்கள். நான் சங்கு ஊதப்போகிறேன் என்றால் எல்லாக் கேமராவும் வானத்தைப் பார்க்கிறது. குஞ்சு எழும்பினால் கல்யாண வீட்டுச் சத்தம். எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள், அண்ணா. எனக்கு!

இத்தனை கண் பார்க்கும்போது இவரால் தொழிலுக்குப் போக முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் குடியிருப்புக்கு வெளியே எந்நேரமும் ஆள் நடமாட்டம். யாராவது தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அதனால் வீடு அமைதியாக இருக்கிறது. இந்த மாதிரி தூங்கி எத்தனை நாளாயிற்று!

முந்தாநாள் மட்டும் ஒரு கெட்டது நடந்தது. தொப்பிக்காரர் படகுத்துறையில் எதையோ படம் எடுத்திருக்கிறார். இவர் துடுப்பை எடுத்து முகத்திலேயே அடித்தார். தாடை உடைந்து, வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாகக் கொட்டியது. விழுந்த பிறகும் இடுப்பில் மிதித்தார். நாலு பேர் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஆனாலும் மற்றவர்கள் போகவில்லை, அண்ணா. இன்னும் ஐந்தாறு பேர் கூடத்தான் வந்திருக்கிறார்கள். பிடிவாதக்காரக் கூட்டம், உன் கூட்டம்.

குஞ்சு உட்கார்ந்த கல்லின் மேல் கிடந்த வால் இறகு இதோடு இருக்கிறது. உனக்குப் பரிசு.

கொக்கு


மார்ச் 4

தங்கச்சிக்கு,

நலம். மனசுதான் சரியில்லை.

இறகு கிடைத்தது. லென்ஸில் வைத்துப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன், வேறு யாரிடமும் சொல்லாதே. ஓரம் உதிரவில்லை, தேயவில்லை. கருகியிருக்கிறது. இழைகள் நுனியில் சுருண்டு, முடி பொசுங்கினாற்போல் மணிமணியாக நிற்கின்றன. உன் குஞ்சுக்கு வாலின் இரண்டு ஓரமும் தீயில் போய்விட்டது. நடு இறகு மட்டும் நின்றதால் ஆப்பு. இறக்கைக் கோட்டிலும் பாதி கரியாகத்தான் இருக்கும். அது பனிக்கடல் விருந்தாளி இல்லை. உங்கள் கூட்டத்திலேயே பிறந்த சாதாரணக் கடற்காகம்.

தவறு தெரிந்த பிறகு ஒரு நாள்கூட மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கே குழுவில் எழுதிவிட்டேன். எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பறவை மேல் தீ எப்படிப் பட்டது? தண்ணீரில் வெடி போடுகிறார்களா? மாப்பிள்ளைக்குத் தெரியாமல் யாராவது செய்கிறார்களா? அவரிடம் கேட்டு எழுது.

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

சுகம்.

எல்லோரும் போய்விட்டார்கள். கடைசி முக்காலி இன்று காலை போயிற்று. கரையில் பிஸ்கட் காகிதம் மட்டும் கிடக்கிறது.

நீ கேட்டதை அவரிடம் கேட்க முடியாது.

கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா? ஒரு குஞ்சுதானே. இன்னும் கொஞ்ச நாள் அது அபூர்வமாக இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

வாசலில் சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன்.


மார்ச் 30

கொக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நீ படியில் விழுந்து லீவில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்தப் படி? உங்கள் குடியிருப்பில் படியே கிடையாதே.

உன் பழைய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். உடைந்த போன். வீட்டுக்கு எழுதாதே. கதவில் இடித்த கண். வீடு அமைதியாக இருக்கிறது. ஓர் இறகை லென்ஸில் வைத்துப் பார்த்தவன், என் தங்கச்சி எழுதியதை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. நான் என்ன மனுஷன்!

ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி. உன்னை அடிக்கிறானா?

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

உன் மூன்று கடிதத்தையும் அலுவலகத்து ஆள் ஒருவர் அவன் இல்லாத நேரம் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறினாற்போல் இருக்கும். பொறுத்துக்கொள்.

அடிக்கிறான். கல்யாணம் ஆன இரண்டாம் மாசத்திலிருந்து. போனைச் சுவரில் அடித்தான், பிறகு என் முகத்தை. வெடி போடுகிறவனும் அவன்தான். கீழே மடுவில்தான் பெரிய மீன் சேரும் என்று அங்கேதான் அதிகம் போடுவான். "நான் கீழ இருக்கும்போது கதவத் தூக்கின, கைய முறிச்சிடுவேன்" என்பான். அவன் கரையேறட்டும் என்று காத்திருந்து, தாமதத்துக்காக அலுவலகத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்றையும் உனக்கு எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

முக்காலிகள் போன அன்றே ஆரம்பித்தான். "உன் அண்ணன் கூட்டிட்டு வந்த கூட்டம் எங்கடி? இப்பக் கூப்பிடு, வந்து படம் புடிக்கட்டும்!" என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்துகொண்டான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரியிலும் கூடவே நின்றான். படி என்று அவனே சொன்னான்.

இதற்குக்கூட நான் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் அந்தக் குஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான். தூண்டிலில் மீனைச் செருகி, தொண்டையோடு இழுத்திருக்கிறான். உயிர் இருந்தது. என் மடியில் போட்டு, இரண்டு இறக்கையையும் ஒவ்வொன்றாக முறுக்கி ஒடித்தான். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு தலையைத் திருகி, "இந்தா, உன் அண்ணனுக்குப் பார்சல் பண்ணு. பஞ்சு அடைச்சு வெச்சுக்கட்டும்" என்றான். ரத்தம் என் புடவையெல்லாம் வழிந்தது. அழுகை வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. அழுகையே வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். சங்குக்கும் கதவுக்கும் பொத்தான்தானே, ஒரு கை போதும்.

தங்கச்சி


ஏப்ரல் 14

என் கண்ணே,

போலீசில் எழுதிக் கொடுக்கலாம், வக்கீலைப் பார்க்கலாம், எல்லாம் பிறகு. முதலில் நீ அங்கே இருக்கக் கூடாது. உனக்காக அண்ணி அறையைக் காலி செய்துவிட்டாள். வாண்டு தன் கட்டிலைத் தருகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். பெட்டிகூட எடுக்க வேண்டாம், மாற்றுத்துணி போதும். அதுவரை அவனோடு ஒரு வார்த்தை மல்லுக்கு நிற்காதே. தலையைக் குனிந்துகொண்டு இரு. எனக்காக.

அண்ணன்


மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல் இரண்டு மடங்கவில்லை. மடங்கும் என்கிறார் டாக்டர்.

நீ வந்தபோது வீடு நிறைய ஆட்கள், அவன் சொந்தக்காரர்கள் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒன்றும் பேச முடியவில்லை. போன மாசம் பதினாறாம் தேதி என்ன நடந்தது என்று நீ கேட்கவும் இல்லை. நானே எழுதுகிறேன்.

காலையில் மேலிடத்திலிருந்து உத்தரவு, இரண்டு கதவையும் தூக்கு என்று. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவன் மடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செத்த மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வேறு ஒருவரும் இல்லை, இரண்டு கரையையும் பார்த்துவிட்டேன். உன் கடிதம் என் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

கதவு எழும்பியது. தண்ணீர் போனது. அவன் தலையைத் தூக்கி ஷட்டர் அறையைப் பார்த்தான். கத்தினான். வெள்ளம் அவனைக் கல்லோடு அடித்துச் சுருட்டிக்கொண்டு போயிற்று. இரண்டு மைல் தள்ளி எடுத்தபோது முகம் இருக்கவில்லை, சட்டையை வைத்துத்தான் நான் அடையாளம் சொன்னேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், "மூணு தடவ சங்கு ஊதினேன் சார், எப்பவும் போல. அவருக்கு வெடிச்சு வெடிச்சுக் காது மந்தம்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் திரும்ப வருவார்களாம்.

அன்று காலை பறவைகள் நிறைய இருந்தன, அண்ணா. கதவு முழுக்க எழும்பி முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கடற்காகக் கூட்டம் மொத்தமும் அலகை முதுகில் செருகிக்கொண்டு நீர்ப்பரப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுகூட எழும்பவில்லை.

பார்த்ததை மட்டும் எழுது என்பாய். எழுதிவிட்டேன்.

கொக்கு


மே 12

என் அருமைக் கொக்குக்கு,

அண்ணன். எல்லோரும் சுகம். இருமல் விட்டுவிட்டது. மூக்கில் துணி கட்டுகிறேன்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். கடைசிக்கு முந்தின பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டு அண்ணியிடம் நீட்டினேன். அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். கடிதம் எரிந்து முடிந்த பிறகு அதே அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. நீயும் ஒரு தடவை அதே கேள்வியை என்னிடம் கேட்டாய். நான் பொறுத்திருந்தால் முக்காலிகள் அங்கேயே நின்றிருக்கும், உன் கை முறிந்திருக்காது. அதனால் நான் கேட்க மாட்டேன்.

உங்கள் நீர்த்தேக்கத்துப் பறவைகளைப் பற்றிக் குழுவின் ஆண்டு மலருக்கு ஒரு குறிப்பு கேட்டார்கள். தவறாக அடையாளம் காணப்பட்ட கடற்காகக் குஞ்சு என்று என் தலையிலேயே பழியைப் போட்டு எழுதினேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். நேற்று அச்சுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காததை எழுதிய ஒரே வரி அதுதான். அதையே உனக்கும் எழுதுகிறேன், மனசில் வைத்துக்கொள், யார் கேட்டாலும் அப்படியே சொல்.

ஏப்ரல் பதினாறு, காலை. முதல் சங்குக்கே கூட்டம் முழுவதும் எழும்பியது.

அண்ணன்